ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ்களின் தொற்றுத் தடுப்புச் சந்தேகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தியேட்டர் போஸ்டிங்குக்குப் புதிதாக வந்தவர்களும், பல வருடமாக ஸ்க்ரப் நிற்பவர்களும் (கையைத் தேய்த்துக் கழுவி, கவுன், கிளவுஸ் போட்டு சர்ஜனுக்குக் கருவி எடுத்துக் கொடுப்பவர்களும்) திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்டு 2018-இல் புதுப்பித்த அறுவைக் காயத் தொற்றுத் தடுப்பு வழிகாட்டுதலும், மத்திய சுகாதார அமைச்சகத்தின் ஜனவரி 2020 தேசிய வழிகாட்டுதலும்தான் பெரும்பாலான பதில்களுக்கு அடிப்படை. மருந்து, மெஷின் விஷயத்தில் உங்கள் கையில் இருக்கும் பொருளின் லேபிள் சொல்வதே கடைசி வார்த்தை.

1. கிளவுஸ் போடத்தானே போறோம், அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம் ஸ்க்ரப்?

கிளவுஸில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழும். ஊசி நுனி, எலும்பு முனை, டவல் கிளிப் என எது குத்தினாலும் பல நேரம் போட்டிருப்பவருக்கே தெரியாது. அந்த ஓட்டை வழியாக வெளியே வருவது உங்கள் தோலில் இருக்கும் கிருமி. சாதாரண கை கழுவல் புதிதாக ஒட்டிய கிருமியை நீக்கும். ஸ்க்ரப் செய்தால் தோலிலேயே குடியிருக்கும் கிருமிகளும் குறையும். கிளவுஸுக்குள் அவை மறுபடி பெருகுவதும் தாமதமாகும்.

டேபிளுக்கு வெளியே நின்று பொருள் எடுத்துக் கொடுக்கும் சர்க்குலேட்டிங் நர்ஸுக்கு ஸ்க்ரப் இல்லை, ஆனால் கை சுத்தம் உண்டு. கதீட்டர் போட்ட கை, போன் எடுத்த கை, கேஸ் ஷீட் புரட்டிய கை, அதே கையோடு சூச்சர் பாக்கெட்டைப் பிரிப்பது தியேட்டரில் யார் கண்ணிலும் படாத தவறு. ஹேண்ட் ரப் பாட்டில் அனஸ்தீஷியா டிராலியில் ஒன்று, சர்க்குலேட்டர் நிற்கும் மேசையில் ஒன்று என்று இருக்க வேண்டும். கதவோரம் மட்டும் மாட்டிவைத்தால் கேஸ் நடுவே யாரும் நடந்துபோய் எடுக்க மாட்டார்கள்.

2. பத்து நிமிஷம் பிரஷ் போட்டுத் தேய்க்கணும்னு காலேஜ்ல சொன்னாங்க. இப்ப மூணு நிமிஷம் போதும்ங்கறாங்க. எது சரி?

இப்போதைய பரிந்துரை 2 முதல் 5 நிமிடம். பத்து நிமிடம் தேய்த்தாலும் கிருமி அதற்கு மேல் குறைவதில்லை. தோலுக்குப் பிரஷ் வேண்டாம்: தோல் கீறும், செதில் உதிரும், நாள்பட்டால் வெடிப்பு வரும், வெடித்த தோலில் கிருமி கூடும். நக அடியை மட்டும் நெயில் பிக்கால் ஓடும் தண்ணீரில் சுத்தம் செய்யுங்கள்.

விரல் நுனியில் தொடங்கி முழங்கைக்குச் சற்று மேல் வரை தேய்க்க வேண்டும். கை எப்போதும் முழங்கையை விட உயரத்தில் இருந்தால்தான் தண்ணீர் முழங்கை வழியாக வடியும். நடுவில் குழாயிலோ சிங்க் விளிம்பிலோ பட்டுவிட்டால், பட்ட இடத்துக்கு மட்டும் இன்னும் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். துடைப்பது ஸ்டெரைல் (கிருமியே இல்லாத) டவலால், விரலிலிருந்து முழங்கை நோக்கி. திரும்ப விரலுக்கு வரக் கூடாது.

3. ஸ்க்ரப்புக்குப் பதிலா ஆல்கஹால் ஹேண்ட் ரப் மட்டும் போதுமா?

போதும். சர்ஜிக்கல் ரப் என்று லேபிளில் போட்ட ஆல்கஹால் ரப், மருந்து சோப்பு ஸ்க்ரப்புக்குச் சமமானதாகவே ஏற்கப்பட்டிருக்கிறது. தண்ணீர் சரியில்லாத இடத்தில் அதுவே மேல். டியூட்டி டிரஸ் மாற்றிக்கொண்டு தியேட்டருக்குள் வந்ததும் ஒரு முறை சாதாரண சோப்பால் கழுவி, நன்றாக உலர விடுங்கள். பிறகு முழங்கையால் பம்பை அழுத்தி இடது உள்ளங்கையில் சுமார் 5 மில்லி எடுத்து, வலது விரல் நுனிகளை அதில் 5 விநாடி முக்குங்கள். அந்த மருந்தை வலது கையில் முழங்கை வரை, ஆவியாகும் வரை 10 முதல் 15 விநாடி பூசுங்கள். இதேபோல் மறு கை. கடைசியாக இன்னொரு 5 மில்லி, மணிக்கட்டு வரை இரண்டு கைக்கும்.

இதில் கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, ஈரக் கையில் ரப் போடுவது, ஆல்கஹால் நீர்த்துப்போகிறது. இரண்டு, ஒரு பம்ப் மட்டும் எடுத்து முழங்கை வரை இழுப்பது. லேபிள் சொல்லும் நேரம் முழுக்க கை நனைந்தே இருக்க வேண்டும். ஸ்க்ரப் முடித்த கையோடு ரப்பும் போடும் வழக்கம் சில இடத்தில் உண்டு. இரண்டில் ஒன்று போதும், தோலும் தப்பும்.

4. தாலி, வளையல், சாமி கயிறு எல்லாம் கழட்டணுமா?

விரலிலிருந்து முழங்கை வரை எதுவும் இருக்கக் கூடாது: வளையல், வாட்ச், கயிறு, மோதிரம் எல்லாம் கழன்றாக வேண்டும். நனைந்த கயிறு காயவே காயாது, கிருமி தங்குவதற்குத் தோதான இடம். தாலியும் கழுத்துச் செயினும் ஸ்க்ரப் டிரஸ்ஸுக்குள் முழுக்க மறைந்து, குனிந்தால் வெளியே தொங்காமல் இருந்தால் போட்டிருக்கலாம். ஒட்டு நகம் கூடவே கூடாது. சொந்த நகம் அரை சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். கிளவுஸ் கிழியாமல் இருக்க அதைவிடக் குட்டையே நல்லது.

5. கவுன் போட்ட பிறகு எந்த இடம் ஸ்டெரைல், எந்த இடம் இல்ல?

முன்புறம், மார்பிலிருந்து டேபிள் மட்டம் வரை. கையில், முழங்கைக்கு 5 சென்டிமீட்டர் மேலிருந்து கிளவுஸ் வரை. கழுத்து, தோள், அக்குள், முதுகு, இடுப்புக்குக் கீழே எதுவும் ஸ்டெரைல் இல்லை. கேஸ் நீளும்போது கையைக் கட்டி அக்குளில் செருகி நிற்பது பலருக்கும் தன்னையறியாமல் வரும் பழக்கம். கையை டிராலி மேல் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொருவரைக் கடக்கும்போது முதுகுக்கு முதுகு, அல்லது முகத்துக்கு முகம்.

டிராலியின் மேல்தளம் மட்டும் ஸ்டெரைல். தொங்கும் துணியில் பட்டது கீழே விழுந்ததற்குச் சமம். ஸ்டெரைல் பாக்கெட்டின் ஓரம் 2.5 சென்டிமீட்டர் கணக்கில் சேராது. சர்க்குலேட்டர் டிராலியிலிருந்து குறைந்தது 30 சென்டிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். ஸ்டெரைலான இரண்டு டிராலிகளுக்கு நடுவே புகுந்து போகக் கூடாது. கனமான பொருளைத் தூக்கிப் போட்டால் அடித்துணி கிழியும், ஸ்க்ரப் நர்ஸ் கையிலேயே கொடுங்கள்.

6. டபுள் கிளவுஸ் கட்டாயமா? கை மரத்துப் போற மாதிரி இருக்கே?

எலும்பு, கம்பி, நீண்ட கேஸ், எந்த நேரமும் ஊசி கைமாறும் கேஸ் எதிலும் இரண்டு போடுவது நல்லது. வெளிக் கிளவுஸ் கிழிந்தாலும் உள்ளே ஒன்று மிஞ்சும். மரத்துப்போவதற்குப் பல நேரம் சைஸ்தான் காரணம். உள்ளே அரை சைஸ் பெரிதாகப் போட்டுப் பாருங்கள். உள் கிளவுஸ் நிறமுள்ளதாக இருந்தால், வெளியில் ஓட்டை விழுந்ததும் ஈரம் புகுந்து அந்த இடம் கருமையாகத் தெரியும்.

வயிற்று ஆபரேஷனில் சுவரைத் தைப்பதற்கு முன் மொத்த டீமும் கிளவுஸ் மாற்றி, தையலுக்கென்று தனியாக வைத்த இன்ஸ்ட்ருமென்ட்களை எடுப்பது பலன் தருகிறது. இந்தியா உட்பட 7 நாடுகளில் 13,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2022-இல் வெளியான ‘சீட்டா’ ஆய்வில் காயத் தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16 ஆக இறங்கியது. ஒரு ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ், ஒரு நீடில் ஹோல்டர், டூத் ஃபோர்செப்ஸ், கத்தரி: இவ்வளவையும் டிராலி மூலையில் டவலால் மூடிவைத்தால் போதும்.

ஒரு பக்கக் குறிப்பு: ரப்பர் கிளவுஸ் தியேட்டருக்குள் வந்ததே ஒரு ஸ்க்ரப் நர்ஸின் கையைக் காப்பாற்றத்தான். 1889-90 குளிர்காலத்தில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டனுக்கு மெர்குரிக் குளோரைடு கரைசல் பட்டுக் கையெல்லாம் புண்ணாக, சர்ஜன் ஹால்ஸ்டெட் மெல்லிய ரப்பர் கிளவுஸ் செய்து தரச் சொன்னார். நோயாளிக்கும் அது நல்லது என்பது பிறகுதான் புரிந்தது.

7. டிராலி விரிச்சாச்சு, கேஸ் லேட் ஆகுது. எவ்வளவு நேரம் வரைக்கும் செல்லும்?

இத்தனை நிமிடத்தில் காலாவதி என்று ஒரு கணக்கு கிடையாது. திறந்திருக்கும் நேரம் கூடக் கூட, ஆள் நடமாட்டம் கூடக் கூட, காற்றிலிருந்து விழும் கிருமி கூடும், அவ்வளவுதான். ஆள் இல்லாமல் விட்டுப்போன டிராலி செல்லாது. திரும்பி வந்து பார்க்கும்போது அப்படியே இருந்தாலும் செல்லாது. நோயாளி தியேட்டருக்குள் வந்த பிறகு விரிப்பதே சரியான வழி. காலை ஏழு மணிக்கே மூன்று கேஸுக்கும் டிராலி போட்டு மூடிவைப்பது வேலையை எளிதாக்கும், தொற்றையும் எளிதாக்கும்.

8. வார்டுல முந்தின நாளே ஷேவ் பண்ணி அனுப்பிடறாங்க. நாங்க என்ன செய்ய முடியும்?

பிளேடு கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போடுகிறது. இரவு முழுக்க அந்தக் கீறலில் கிருமி பெருகுகிறது. முடி எடுக்காமல் விடுவதே முதல் தேர்வு. எடுத்தே ஆக வேண்டுமென்றால் கிளிப்பர் மட்டும். கிளிப்பர் ஹெட் ஒருவருக்கு ஒன்று.

வார்டுக்குச் செல்லும் பிரீ-ஆப் ஆர்டரில் ‘பார்ட்ஸ் பிரிபேர்’ என்ற அச்சடித்த வரி இருக்கும்வரை ஷேவிங் நிற்காது. இன்சார்ஜ் சிஸ்டர் மூலம் அந்த வரியை ‘ஷேவ் வேண்டாம், குளியல் மட்டும்’ என்று மாற்ற வையுங்கள். பத்து வகுப்பு எடுப்பதை விட அந்த ஒரு வரி அதிகம் வேலை செய்யும்.

9. பெட்டாடின் தடவினதும் டவல் வெச்சு ஒத்தி எடுத்துடறாங்க. பரவாயில்லையா?

கூடாது. பெட்டாடினில் இருக்கும் போவிடோன் அயோடின் உலரும் நேரத்தில்தான் வேலை செய்கிறது. 2 முதல் 3 நிமிடம் அப்படியே விட வேண்டும். ஆல்கஹாலில் கலந்த குளோர்ஹெக்சிடின்தான் இப்போது முதல் பரிந்துரை. அதற்கு முடியில்லாத தோலில் குறைந்தது 3 நிமிடம். முடி இருக்கும் இடத்தில் உலர ஒரு மணி நேரம் வரைகூட ஆகலாம். முழுக்க உலராமல் டயதெர்மி (மின்சாரத்தால் திசுவைச் சுட்டு வெட்டும் கருவி) போட்டால் தீப்பற்றும். பக்கவாட்டில் வழிந்து முதுகுக்கு அடியில் தேங்கியதுதான் பெரிய ஆபத்து. அது ஆவியாக வழியில்லை, தோலும் வெந்துபோகும். இரண்டு பக்கமும் துணி செருகி, டிரேப் போடுவதற்கு முன் உருவிவிடுங்கள். கண், நடுக்காது, மூளை உறை பக்கம் குளோர்ஹெக்சிடின் போகக் கூடாது.

10. பெட்டாடின் பாட்டில் பாதி காலியானா, புதுசை அதுல ஊத்தி நிரப்பலாமா?

வேண்டாம். ஆன்டிசெப்டிக்கிலும் கிருமி வளரும். சூடோமோனாஸ், பர்க்ஹோல்டேரியா வகைகள் இப்படிக் கெட்ட கரைசல்கள் வழியாகத் தொற்றைப் பரப்பியது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. சின்ன பாட்டிலாக வாங்குங்கள், திறந்த தேதியை எழுதுங்கள், தீர்ந்ததும் தூக்கிப் போடுங்கள். சீட்டில் ஃபோர்செப்ஸ் (ஸ்டெரைல் பொருளை எடுக்கும் நீண்ட இடுக்கி) விஷயமும் இதேதான்: நாள் கணக்கில் ஒரே மருந்தில் நிற்கும் ஃபோர்செப்ஸை விட, ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கம்) செய்து உலர்ந்த ஜாடியில் வைத்து ஷிஃப்டுக்கு ஒன்று மாற்றுவது பாதுகாப்பு.

11. ஆன்டிபயாடிக் டைமிங் அனஸ்தீஷியா டாக்டர் வேலை. அதுல நர்ஸ் எதுக்கு?

ஊசியைப் பெரும்பாலும் போடுவதே நர்ஸ். கத்தி வைக்கும் நேரத்தில் திசுவில் மருந்து போதுமான அளவு இருக்க வேண்டும். செஃபசோலின் என்றால் 60 நிமிடத்துக்குள், வான்கோமைசின் மெதுவாக ஏற வேண்டியிருப்பதால் 120 நிமிடத்துக்குள் தொடங்க வேண்டும். காலை ஆறு மணிக்கு வார்டில் போட்டுவிட்டு, கேஸ் பதினொரு மணிக்குத் தொடங்கினால் அந்த டோஸ் இருந்தும் இல்லாததுபோல்தான். வார்டில் போடாமல் தியேட்டரிலேயே போடுங்கள். டூர்னிக்கே (கை, காலில் ரத்த ஓட்டத்தை நிறுத்தும் பட்டை) கட்டும் கேஸில், கட்டுவதற்கு முன்பே மருந்து முழுக்க ஏறியிருக்க வேண்டும்.

செஃபசோலின் போட்டு 4 மணி நேரம் தாண்டினாலோ, ரத்தம் அதிகம் போனாலோ மறு டோஸ் தேவை. இதை நினைவூட்டும் வேலையைச் சர்க்குலேட்டர் எடுத்துக்கொள்ளலாம்: போர்டில் முதல் டோஸ் நேரத்தை எழுதும்போதே அடுத்த டோஸ் நேரத்தையும் எழுதிவிடுங்கள். தொற்றைத் தடுக்கப் போட்ட ஆன்டிபயாடிக்கை ஆபரேஷன் முடிந்த பிறகு நீட்டிக்க வேண்டியதில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

12. கேஸ் முடிஞ்சதும் இன்ஸ்ட்ருமென்ட் எல்லாத்தையும் ஹைப்போகுளோரைட்ல ஊற வைக்கிறோம். சரிதானே?

சரியில்லை. குளோரின் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை அரித்துப் பொடிக் குழிகளை உண்டாக்கும். அந்தக் குழியில் அடுத்த கேஸின் ரத்தம் தங்கும். ரத்தம் ஒட்டியிருந்தால் ஹைப்போகுளோரைட்டின் வீரியமும் குறைந்துபோகும். சலைனில் போடுவதும் இதே காரணத்தால் தவறு, அதிலும் குளோரைடு இருக்கிறது.

கேஸ் நடக்கும்போதே ஸ்டெரைல் தண்ணீரில் நனைத்த காஸால் துடைத்துவிடுங்கள். முடிந்ததும் மூட்டுகளைத் திறந்து, என்சைம் கரைசலில் லேபிள் சொல்லும் நேரம் ஊறவிடுங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக, 45 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். சுடுதண்ணீர் ரத்தப் புரதத்தை உறைய வைத்து ஒட்டிவிடும். தேய்ப்பது தண்ணீருக்கு அடியில், இல்லையென்றால் முகத்தில் தெறிக்கும். சக்ஷன் முனை போன்ற குழாய்களுக்கு அந்தந்த அளவு பிரஷ். அழுக்கு போகாத இன்ஸ்ட்ருமென்ட்டை எந்த ஆட்டோகிளேவும் ஸ்டெரைல் ஆக்காது.

13. ஆட்டோகிளேவ் டேப் கறுத்துடுச்சு. ஸ்டெரைல்னு அர்த்தம்தானே?

இல்லை. அந்தப் பாக்கெட் மெஷினுக்குள் போய் வந்தது என்று மட்டும்தான் அர்த்தம். ஆவி உள்ளே புகுந்ததா என்பதை பாக்கெட்டின் நடுவில் வைத்த கெமிக்கல் இண்டிகேட்டர் காட்டும். காற்று முழுக்க வெளியேறியதா என்பதை வேக்குவம் மெஷினில் தினமும் முதல் லோடுக்கு முன், காலி சேம்பரில், 134 டிகிரி 3.5 நிமிடம் ஓட்டும் போவி-டிக் டெஸ்ட் காட்டும். கிருமி உண்மையிலேயே செத்ததா என்பதை ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் ஸ்போர் (எளிதில் சாகாத கிருமி வித்து) உள்ள பயாலஜிக்கல் இண்டிகேட்டர்தான் சொல்லும். வாரம் ஒரு முறையாவது அது வேண்டும். இம்பிளான்ட் லோடு ஒவ்வொன்றுக்கும் வேண்டும், முடிவு வந்த பிறகே இம்பிளான்ட் வெளியே போக வேண்டும்.

சுற்றிய பாக்கெட்டுக்கு, வேக்குவம் இல்லாத மெஷினில் 121 டிகிரியில் 30 நிமிடம். வேக்குவம் மெஷினில் 132 டிகிரியில் 4 நிமிடம். அந்த வெப்பம் எட்டிய பிறகே நேரம் எண்ண வேண்டும். டிரம் (பக்கத்தில் துளையுள்ள உலோக டப்பா) உபயோகிக்கும் இடங்களில் அடிக்கடி நடப்பது: உள்ளே வைக்கும்போது பக்கத் துளைகளைத் திறக்க மறப்பது, அல்லது எடுத்ததும் மூட மறப்பது. முதலாவதில் ஆவி உள்ளே போகவில்லை, இரண்டாவதில் தூசி போகிறது. டேப் மட்டும் இரண்டிலும் அழகாகக் கறுத்திருக்கும்.

14. பாக்கெட் லேசா ஈரமா இருக்கு, சூடாவும் இருக்கு. ஆறினா காஞ்சிடும்ல?

ஈரப் பாக்கெட் ஸ்டெரைல் இல்லை. ஈரத்தின் வழியாக வெளிக்கிருமி துணிக்குள் ஊறிப் போகும். காய்ந்த பிறகும் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள், மறுபடி பேக் செய்து போடுங்கள். அடிக்கடி வருகிறதென்றால் லோடு நெரிசலா, உலரும் நேரத்தைப் பாதியில் நிறுத்துகிறார்களா, சூட்டோடு இரும்பு ரேக்கில் அடுக்குகிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

15. லேப்ரோஸ்கோப் செட்டை கேஸுக்குக் கேஸ் சைடெக்ஸ்ல 20 நிமிஷம் போட்டு எடுக்கறோம். எல்லா இடத்திலும் இப்படித்தானே?

பல இடத்தில் இப்படித்தான். போர்ட் (லேப்ரோஸ்கோப் நுழைக்கும் சின்னத் துளை) போட்ட இடத்தில் 3, 4 வாரம் கழித்துக் கட்டி எழும்பி, தண்ணீர்போல் வடிந்து, வழக்கமான ஆன்டிபயாடிக் எதற்கும் அடங்காமல் நோயாளி திரும்பி வருவதும் இதனால்தான். காரணம் மைகோபாக்டீரியம் செலோனே, ஃபார்ச்சூட்டம், அப்செசஸ் போன்ற தண்ணீரில் வாழும் கிருமிகள். குணமாக மாதக்கணக்கில் மருந்து, சில நேரம் வெட்டி எடுக்கவும் வேண்டும்.

சைடெக்ஸில், அதாவது 2 சதவீத குளூட்டரால்டிஹைடில், 20 நிமிடம் என்பது உயர்நிலைக் கிருமிநீக்கம் மட்டுமே. ஸ்போர் சாக 10 மணி நேரம் ஆகும். வயிற்றுக்குள் போகும் பொருள் முழு ஸ்டெரைலாக இருக்க வேண்டும். இங்கே தவறு மூன்று அடுக்கில் நடக்கிறது. ஹேண்டில், வெளிக்குழாய், உள்கம்பி என்று பிரிக்காமல் அப்படியே முக்குகிறார்கள். இடையில் இருக்கும் ரத்தத்தை மருந்து தொடுவதில்லை. குழாய்க்குள் காற்றுக் குமிழி நிற்கிறது. சிரிஞ்சால் மருந்தை உள்ளே செலுத்தினால்தான் போகும். கடைசியாக, எடுத்ததைக் காலையில் கொதிக்க வைத்துத் திறந்த பேசினில் ஊற்றிய தண்ணீரில் அலசுகிறார்கள். மருந்தில் முக்கி எடுத்ததன் பலன் அந்தப் பேசினிலேயே போய்விடுகிறது. அலசுவது ஸ்டெரைல் தண்ணீரில், ஒவ்வொரு செட்டுக்கும் புதிதாக.

சரியான வழி: ஆட்டோகிளேவ் தாங்கும் கிராஸ்பர், டிரோக்கார், கத்தரியெல்லாம் ஆட்டோகிளேவில். டெலஸ்கோப்புக்கு அதன் கம்பெனி அனுமதிக்கும் முறை. பல மாடல்களுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாஸ்மா அல்லது ஈ.டி.ஓ. (எத்திலீன் ஆக்சைடு வாயு). கேமரா கேபிளுக்கு ஸ்டெரைல் ஸ்லீவ். சைடெக்ஸ் என்றால் பலரும் குளூட்டரால்டிஹைடைத்தான் சொல்கிறார்கள்; ஓ.பி.ஏ. (ஆர்த்தோ-தாலால்டிஹைடு) வேறு மருந்து, அதற்கு நேரமும் வேறு. எதுவானாலும் ஆக்டிவேட் செய்த தேதி மூடியில் இருக்க வேண்டும், டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டுப் பார்க்க வேண்டும். 14 நாள் என்பது உச்சவரம்பு. ஸ்ட்ரிப் தோற்றால் அன்றே கொட்ட வேண்டும்.

16. வாரா வாரம் ஃபார்மலின் ஃபியூமிகேஷன் போடறோம், ஸ்வாப் கல்ச்சரும் எடுக்கறோம். இது போதாதா?

இரண்டும் வழக்கமாகச் செய்ய வேண்டியவை அல்ல. ஃபார்மால்டிஹைடு மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. மறுநாள் காலை முதலில் கதவைத் திறந்து அதை மூச்சில் இழுப்பவர் நர்ஸ்தான். தரையில் ரத்தக்கறை இருந்தால் எந்தப் புகையும் அதற்குள் புகாது.

அந்த நேரத்தைக் கைத் துடைப்புக்குக் கொடுங்கள்: ஒவ்வொரு கேஸுக்கும் இடையில் டேபிள், டயதெர்மி பென்சில் ஹோல்டர், லைட் கைப்பிடி, அனஸ்தீஷியா மெஷின் பட்டன்கள், மானிட்டர் கேபிள், ஆம் போர்டு. நாள் முடிவில் எல்லாவற்றையும் நகர்த்தி, தரை உட்பட முழுச் சுத்தம். கேபிளும் ஆம் போர்டின் அடிப்புறமும்தான் பெரும்பாலும் விட்டுப்போகும். சுவர், தரை ஸ்வாப் கல்ச்சர் தொற்று வெடித்துக் காரணம் தேடும்போது உதவும். மற்ற நாளில் ஃபைலுக்குத்தான். புகை போட்டால் ஏதோ செய்த மாதிரி கண்ணுக்குத் தெரிகிறது, அதனால்தான் இந்த வழக்கம் போக மறுக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

17. சர்ஜனுக்கு வேர்க்குதுன்னு ஏ.சி.யைக் கூட்டறோம், பேஷன்ட் நடுங்கறாங்க. கதவும் திறந்து மூடிட்டே இருக்கு. இதுக்கும் இன்ஃபெக்ஷனுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. நோயாளியின் உடல் வெப்பம் 36 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தோலுக்கு ரத்த ஓட்டம் குறைந்து காயத் தொற்று கூடுகிறது. அறையைச் சூடாக்க முடியாவிட்டால் நோயாளியைச் சூடாக்குங்கள்: வார்மர், வெதுவெதுப்பான ஐ.வி., கழுவும் சலைனும் வெதுவெதுப்பாக. மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.எச். தியேட்டருக்கு வைத்திருக்கும் அளவு 21 டிகிரி, 3 கூடவோ குறையவோ. மணிக்கு 20 முறை காற்று மாற்றம், அதில் 4 வெளிக்காற்று. வெளியை விட 2.5 பாஸ்கல் கூடுதல் அழுத்தம். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அழுத்தம் போய்விடுகிறது. யார் எதற்காக வெளியே போகிறார்கள் என்று ஒரு நாள் குறித்துப் பாருங்கள். பாதி தடவை சூச்சருக்கோ கிளவுஸுக்கோ என்று தெரிந்தால், அதைக் கேஸ் தொடங்கும் முன்பே உள்ளே கொண்டுவந்துவிடலாம்.

18. எச்.பி.எஸ்.ஏ.ஜி. (ஹெபடைடிஸ் பி), எச்.ஐ.வி. பாசிட்டிவ் கேஸைக் கடைசியாத்தானே எடுக்கணும்?

அவசியமில்லை. 1, 12, 16-ஆம் கேள்விகளில் சொன்னதை எல்லா நோயாளிக்கும் செய்தால் பாசிட்டிவ் கேஸுக்குக் கூடுதலாகச் செய்ய எதுவும் இல்லை. டெஸ்ட் நெகட்டிவ் என்றால் பாதுகாப்பு என்று நினைப்பதுதான் ஆபத்து: தொற்றின் ஆரம்ப நாட்களில் டெஸ்ட் நெகட்டிவாகவே வரும். எச்.ஐ.வி. இருப்பதைக் காட்டிச் சிகிச்சையை மறுப்பதும் பாகுபாடு காட்டுவதும் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி தடை செய்யப்பட்டவை. கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பில் பெரிதாக எழுதி ஊருக்கே காட்டுவதும் அதில் அடக்கம்.

19. கேஸ் நடுவுல ஊசி குத்திடுச்சு. உடனே என்ன செய்யணும்?

டேபிளை விட்டு வெளியே வாருங்கள், வேறொருவர் ஸ்க்ரப் ஏறட்டும். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். பிழிய வேண்டாம், வாயில் வைக்க வேண்டாம், ஸ்பிரிட்டோ ஹைப்போகுளோரைட்டோ ஊற்ற வேண்டாம். கண்ணில் தெறித்தால் தண்ணீரால் அலசுங்கள். எச்.ஐ.வி.க்கான தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரை, 28 நாள், அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையங்களில் இலவசம். ரிசல்ட் வரட்டும் என்று முதல் டோஸைத் தள்ளிப் போடாதீர்கள்.

எச்.ஐ.வி. ஊசி குத்தித் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் 3. ஹெபடைடிஸ் பி-யில், தடுப்பூசி போடாதவருக்கு நூற்றில் 6 முதல் 30 வரை. 0, 1, 6 மாதம் என்று மூன்று டோஸ் முடித்து, ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி அளவு பாருங்கள். 10-க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு. மூன்று டோஸும் போட்டுவிட்டு இந்த அளவைப் பார்க்காதவர்களே அதிகம். குத்தாமல் இருக்க, ஊசியையும் கத்தியையும் கைக்குக் கை கொடுக்காமல் நடுவில் ஒரு கிட்னி டிரேயில் வைத்து எடுப்பது நல்ல பழக்கம். குத்திய ஊசி வெள்ளை டப்பாவுக்குப் போகும். கிளவுஸும் டியூபும் சிவப்பு, ரத்தக் காஸ் மஞ்சள், உடைந்த ஆம்பியூலும் உலோக இம்பிளான்ட்டும் நீலம்.

20. தரையில ரத்தம் கொட்டினா ஹைப்போகுளோரைட் எவ்வளவு கலக்கணும்?

1 சதவீதம். கேனில் 5 சதவீதம் என்று இருந்தால் 1 பங்குக்கு 4 பங்கு தண்ணீர், 10 சதவீதம் என்றால் 9 பங்கு. 30 சதவீத பிளீச்சிங் பவுடர் என்றால் லிட்டருக்கு 33 கிராம். காலையில் கலக்கியது மறுநாளுக்கு ஆகாது. கொட்டிய ரத்தத்தை உறிஞ்சும் துணியால் மூடி, மேலே ஊற்றி, குறைந்தது 10 நிமிடம் விட்டுப் பிறகு அள்ளுங்கள். ஃபார்மலினோடோ ஆசிட்டோடோ கலக்காதீர்கள்.

21. சர்ஜன் கிளவுஸ் லைட்ல பட்டதை நான் பார்த்தேன். சொன்னா கோவப்படுவாரு. என்ன செய்ய?

சொல்லத்தான் வேண்டும், சொல்லும் விதத்தைச் சுலபமாக்கலாம். ‘சார், கிளவுஸ் பட்டுடுச்சு’ என்று சொல்லும்போதே சர்க்குலேட்டர் ஏழரை சைஸைப் பிரித்து நீட்டிவிட்டால், விவாதத்துக்கு இடமில்லாமல் கை தானாக நீளும். ‘நான் தொடவே இல்லை’ என்று சொன்னால், ‘எனக்குச் சந்தேகமா இருக்கு சார், மாத்திடலாம்’ போதும். சந்தேகம் வந்தால் ஸ்டெரைல் இல்லை என்பது எல்லோரும் படித்த விதிதான்.

இதை அந்த நேரத்துத் துணிச்சலுக்கு விடாமல், டைம்-அவுட் (கத்தி வைக்கும் முன் மொத்த டீமும் நின்று சரிபார்க்கும் நேரம்) போதே சர்ஜன் வாயால் ‘ஏதாவது பட்டா யார் வேணா சொல்லுங்க’ என்று ஒரு வரி சொல்ல வைத்துவிட்டால் பாதி சங்கடம் தீரும். அதற்கு இன்சார்ஜ் சிஸ்டரும் அனஸ்தீஷியா டாக்டரும் முதலில் பேச வேண்டும். ஜூனியர் ஸ்டாஃப் தனியாக நின்று நடக்காது.

22. ரூல் எல்லாம் தெரியும். ரெண்டு டேபிள், நாலு செட். எப்படி முடியும்?

முடியாது, கணக்கே இடிக்கிறது. ஊறவைத்து, தேய்த்து, உலர்த்தி, பேக் செய்து, ஆட்டோகிளேவ் முடிந்து ஆற இரண்டு மணி நேரம் ஆகிறது என்று வையுங்கள். இரண்டு டேபிளிலும் மணிக்கு ஒரு கேஸ், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். எட்டு மணிக்கு இரண்டு செட், ஒன்பதுக்கு இரண்டு செட். பத்து மணிக் கேஸுக்குச் செட் இல்லை, ஏனென்றால் முதல் ஜோடி திரும்புவது பத்தே முக்காலுக்கு. அந்த முக்கால் மணி நேரத்தில்தான் 12-ஆம் கேள்வியின் ஊறல் விடுபடுகிறது, 14-இன் உலர்த்தல் பாதியில் நிற்கிறது, 15-இன் சைடெக்ஸ் உள்ளே வருகிறது. ஆறு செட் இருந்தால் இந்த லிஸ்ட் தடையில்லாமல் ஓடும். கீழே விழுந்தால் எடுக்க ஏழாவது ஒன்று.

இந்த நேர அட்டவணையை ஒரு வாரம் எழுதி, எந்தக் கேஸில் எந்தப் படி விடுபட்டது என்று குறித்து நிர்வாகத்திடம் கொடுங்கள். ‘ஸ்டாஃபுக்கு டிரெய்னிங் போதாது’ என்ற வழக்கமான பதிலுக்கு அது நல்ல மறுமொழி. ஃப்ளாஷ் ஆட்டோகிளேவ், சுற்றாமல் 132 டிகிரியில் 3 நிமிடம், கீழே விழுந்த ஒரே ஒரு கருவிக்கானது, அதுவும் முழுக்கக் கழுவிய பிறகு. செட் பற்றாக்குறைக்கு அது வழியல்ல, இம்பிளான்ட்டுக்குக் கூடவே கூடாது.

23. ஆடிட்ல 100 சதவீதம் வருது, ஆனா இன்ஃபெக்ஷன் குறையலையே?

ஆடிட் செய்பவர் நிற்கும்போது எல்லோரும் கை கழுவுவார்கள். ஆபரேஷன் பாதுகாப்பு செக்லிஸ்ட்டில் நேரம் பாருங்கள்: சைன்-இன், டைம்-அவுட், சைன்-அவுட் மூன்றும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே நேரத்தில் போட்டிருந்தால் அது கேஸ் முடிந்து எழுதியது. ‘கை கழுவினார்களா’ என்பதை விட, ஹேண்ட் ரப் மாதம் எத்தனை லிட்டர் செலவானது, எத்தனை லோடில் பயாலஜிக்கல் இண்டிகேட்டர் வைக்கப்பட்டது, ஆன்டிபயாடிக்குக்கும் கத்திக்கும் இடையே எத்தனை நிமிடம் என்று எண்ணிப் பாருங்கள். இவற்றை நடித்துக் காட்ட முடியாது.

தொற்று எண்ணிக்கையும் பல இடத்தில் டிஸ்சார்ஜ் நாளோடு நின்றுவிடுகிறது. 30 நாள் வரை பார்க்க வேண்டும். இம்பிளான்ட் வைத்த பல கேஸ்களுக்கு 90 நாள். நோயாளி ஊரில் பக்கத்து டாக்டரிடம் தையல் பிரித்துக்கொண்டிருப்பார், சீழ் வந்தது உங்களுக்குத் தெரியவே தெரியாது. முப்பதாம் நாள் போன் செய்து நான்கு கேள்வி கேளுங்கள்: காயத்தில் சீழோ நீரோ வடிந்ததா, காய்ச்சல் வந்ததா, யாராவது காயத்தைத் திறந்துவிட்டார்களா, வேறு எங்காவது ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார்களா. முதல் மாதம் உங்கள் தொற்று விகிதம் ஏறித்தான் தெரியும். அதுதான் உண்மையான எண். நிர்வாகத்துக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் இரண்டாவது மாதமே போன் செய்வதை நிறுத்தச் சொல்வார்கள்.